தந்திக் கம்பியிலிருந்து வானொலிக்கு: மோர்ஸ் சுருக்கக் குறிகளின் வரலாறு

அமெச்சூர் வானொலியாளர்கள், அதாவது ஊதியமோ வணிக நோக்கமோ இன்றி அரசு உரிமம் பெற்றுத் தம் சொந்த நிலையங்களை இயக்கும் ‘ஹாம்’கள், மோர்ஸ் முறையில் உரையாடும்போது கையாளும் சுருக்கக் குறிகளில் கணிசமானவை வானொலி பிறப்பதற்கு முன்பே தந்திக் கம்பிகளில் புழங்கியவை. சொல்லுக்கு இவ்வளவு காசு என்று கணக்கிட்ட தந்தி நிறுவனங்களும், ஒரே கம்பியைப் பல ஊர்கள் பகிர்ந்துகொண்ட நெருக்கடியில் நாள் முழுவதும் சாவியைத் தட்டிய தந்தியாளர்களும் நேரத்தை மிச்சப்படுத்த வகுத்தவை அவை. காசுக்கணக்கே இல்லாத ஒரு பொழுதுபோக்கின் கைக்கு அவை வந்து சேர்ந்தபோது, அலுவலகக் காரியங்களுக்கு உரியவை பெரும்பாலும் உதிர்ந்துபோக, வணக்கமும் வாழ்த்தும் விடைபெறுதலும் சார்ந்தவை நிலைத்துவிட்டன. இந்த வரலாற்றில் மிகவும் கருதத்தக்கது இதுவே.

சிக்கனம் என்பது மோர்ஸ் முறையின் அமைப்பிலேயே இருக்கிறது. இன்று உலகெங்கும் வழங்கும் மோர்ஸில் புள்ளிக்கு ஓர் அலகு நேரம், கோட்டுக்கு மூன்று அலகு. ஓர் எழுத்துக்குள் அமையும் குறிகளுக்கிடையே ஓர் அலகும், எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே மூன்று அலகும், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஏழு அலகும் மௌனம். ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் ‘இ’ என்ற எழுத்துக்கு ஒரே புள்ளி போதும். அரிதாக வரும் ‘கியூ’வுக்கோ 13 அலகுகள் வேண்டும். ஆனால் எழுத்தளவில் கிடைத்த இந்தச் சிக்கனம் தந்தியாளர்களுக்குப் போதவில்லை. வாடிக்கையாளரின் செய்தியைத் தவிர, ‘சற்றுப் பொறுக்கவும்’, ‘வேறு கம்பியில் வேலையாக இருக்கிறேன்’, ‘செய்தி முடிந்தது’ என்று தமக்குள் சொல்லிக்கொள்ள வேண்டியவையும் அதே கம்பியில்தான் போக வேண்டியிருந்தன; அவற்றால் நிறுவனத்துக்கு வருவாய் ஏதும் இல்லை. எனவே வழக்கமான வாசகங்களுக்கு எண்கள் இடப்பட்டன. அமெரிக்காவின் வெஸ்டர்ன் யூனியன் நிறுவனம் 1859இல் நடைமுறைப்படுத்திய ‘92 குறி’ எனப்படும் பட்டியல் அப்படிப் பிறந்தது. அதில் 1 என்றால் பொறுக்கவும், 30 என்றால் இதற்கு மேல் ஒன்றுமில்லை.

அப்பட்டியலில் இருந்த 73 என்ற எண்ணின் பொருள் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1857இல் தந்தியாளர்களுக்கான ஒரு தொழில் இதழ் அதை ‘உனக்கு என் அன்பு’ என்று விளக்கியது. வெஸ்டர்ன் யூனியன் பட்டியலில் அது பாராட்டைத் தெரிவிக்கும் முறையான வாசகமாக மாறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பாடநூல்கள் ‘நல்வாழ்த்துகள்’ என்ற இன்றைய பொருளைத் தந்தன. காதலில் தொடங்கி, அலுவலக மரியாதையில் விறைத்து, கடைசியில் நட்பின் நடுநிலைக்கு வந்து சேர்ந்த எண் என்று இதைக் கூறலாம். எண்ணால் வாழ்த்துச் சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டுக்கும் புதிதன்று: இந்தியத் தந்தித் துறை வாழ்த்துத் தந்திகளுக்கென எண்ணிட்ட வாசகப் பட்டியல் ஒன்றை வைத்திருந்ததால், கல்யாண வீட்டுக்குத் தந்தி கொடுப்பவர் எண்ணைக் குறித்தாலே மணமக்களுக்கு முழு வாசகமும் போய்ச் சேர்ந்தது, 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்படும்வரை இவ்வகைத் தந்திகளை அனுப்ப முடிந்தது.

எண்களைத் தவிர எழுத்துச் சுருக்கங்களும் இருந்தன. செய்தித்தாள்களுக்கான நீண்ட செய்திகளை விரைவாக அனுப்புவதற்காக வால்ட்டர் பிலிப்ஸ் என்பவர் 1879இல் வெளியிட்ட தொகுப்பு அவற்றுள் பெயர்பெற்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை இன்றும் பத்திரிகைகள் ‘ஸ்கோட்டஸ்’ என்று குறிப்பது அத்தொகுப்பின் மிச்சம். அமெரிக்கக் கம்பித் தந்தியில் வழங்கிய மோர்ஸ், ஐரோப்பாவில் திருத்தப்பட்டுப் பின்னர் பன்னாட்டு முறையான மோர்ஸிலிருந்து வேறுபட்டது. சில எழுத்துகளின் உள்ளேயே இடைவெளி வரும். அம்முறையில் ‘உம்’ என்ற இணைப்பைக் காட்டும் குறி ஒரு புள்ளி, சற்று இடைவெளி, பின் மூன்று புள்ளிகள் என்று அமைந்தது. பன்னாட்டு மோர்ஸில் அதே ஒலி ‘இ’, ‘எஸ்’ என்ற இரண்டு எழுத்துகளாகக் காதில் விழுவதால், ஹாம்கள் இன்றும் ‘இ.எஸ்.’ என்றே அனுப்பிச் சொற்களை இணைக்கிறார்கள். உரையாடல் முற்றுப்பெற்றதைக் காட்டும் ‘எஸ்.கே.’ என்ற கூட்டுக்குறிக்கும் இத்தகைய விளக்கமே தரப்படுகிறது: பழைய அமெரிக்க மோர்ஸில் 3 என்பது மூன்று புள்ளி, ஒரு கோடு, ஒரு புள்ளி, சுழியம் ஒரு நீண்ட கோடு, இவற்றைச் சேர்த்துத் தட்டினால், அதாவது முடிவைக் குறித்த அந்தப் பழைய 30ஐத் தட்டினால், கேட்பது ‘எஸ்.கே.’தான். மறைந்த அமெச்சூர்களை ‘ஓய்ந்த சாவி’ என்று பொருள்படும் தொடரால் ஹாம்கள் குறிப்பதும், அதன் முதலெழுத்துகள் இந்த விடைபெறு குறியோடு ஒன்றாக இருப்பதும் அச்சமூகத்தார் மனத்தில் ஆழமாகப் பதிந்தவை.

கம்பியில்லாத் தந்தி கடலுக்குச் சென்றபோது சிக்கனத்தைவிடப் பெரிய தேவை ஒன்று எழுந்தது. ஒரு நாட்டுக் கப்பலில் இருப்பவரும் வேறொரு நாட்டுக் கரை நிலையத்தில் இருப்பவரும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமலே பேச வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் கம்பித் தந்தியில் எல்லா நிலையங்களையும் ஒருசேர அழைக்கப் பயன்பட்ட ‘சி.கியூ.’ என்ற அழைப்பை மார்க்கோனி நிறுவனத்தார் கப்பல்களுக்குக் கொண்டுவந்தனர். அடுத்து, பிரிட்டனில் வகுக்கப்பட்டிருந்த ‘கியூ’ குறிகள் 1912இல் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாட்டில் ஏற்கப்பட்டன. ‘கியூ’வில் தொடங்கும் மூன்றெழுத்துத் தொகுதி ஒவ்வொன்றும் ஒரு முழு வாக்கியம், அதன் பின்னால் கேள்விக்குறி வந்தால் அதே வாக்கியம் வினாவாகிறது. ‘கியூ.டீ.எச்.’ என்றால் ‘என் இருப்பிடம் இது’. கேள்விக்குறியோடு வந்தால் ‘உங்கள் இருப்பிடம் எது?’ ‘கியூ’ என்ற எழுத்து தனியே நீளமானதுதான் என்றாலும் ‘கியூ.டீ.எச்.’ முழுவதும் 29 அலகுகளில் முடிந்துவிடுகிறது. ‘பாரிஸ்’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லை அனுப்பவே 43 அலகுகள் ஆகும். ஒரு வாக்கியம் ஒரு சொல்லைவிடக் குறைந்த நேரத்தில் எல்லை கடந்தது. நிலையங்களின் பெயர்க்குறிகளோடு இவை குழம்பிவிடாதபடி, எந்த நாட்டுக்கும் ‘கியூ’வில் தொடங்கும் அழைப்புக்குறி இன்றுவரை ஒதுக்கப்படவில்லை.

ஹைரம் பெர்சி மாக்ஸிமும் கிளாரன்ஸ் டஸ்காவும் 1914இல் ஹார்ட்ஃபர்டில் அமெரிக்க வானொலி அஞ்சல் சங்கத்தைத் தொடங்கியபோது இந்த இரண்டு மரபுகளும் அமெச்சூர்களிடம் ஒன்று சேர்ந்தன. ஒரு நிலையத்தின் ஒலி எட்டும் தொலைவு குறைவாக இருந்ததால் செய்தியைக் கைமாற்றிக் கைமாற்றித் தொலைவுக்குச் சேர்ப்பதே அச்சங்கத்தின் நோக்கம். அதற்குக் கம்பித் தந்தியின் ஒழுங்கு தேவைப்பட்டது. அடுத்த ஆண்டு தொடங்கிய அதன் இதழுக்கு, எல்லாருக்குமான பொது அழைப்பாகிய ‘கியூ.எஸ்.டீ.’ என்பதே பெயராயிற்று. அவ்விதழில் ‘கிழவர்’ என்ற புனைபெயரில் அமெச்சூர்களின் ஒழுங்கின்மையைக் கடிந்து எழுதியவர் மாக்ஸிமே என்பது 1936இல் அவர் இறந்த பின்தான் வெளிப்பட்டது. தந்தியாளர் வழக்கிலிருந்த ‘ஓ.எம்.’ என்ற விளியும் அதே ‘கிழவரை’க் குறிப்பதுதான், பள்ளிச் சிறுவனாக இருந்தாலும் வானொலியில் அவன் ‘ஓ.எம்.’, எண்பது வயதுப் பாட்டியாக இருந்தாலும் அவர் ‘இளம்பெண்’ என்று பொருள்படும் ‘ஒய்.எல்.’. முகம் தெரியாத இடத்தில் வயதும் படிநிலையும் செல்லாது என்ற எண்ணம் இவ்விளிகளில் படிந்திருக்கிறது.

1923 நவம்பரில் கனெக்டிகட்டிலிருந்து ஃபிரெட் ஷ்னெல்லும், பிரான்சின் நீஸ் நகரிலிருந்து லியோன் டெலோயும் அட்லாண்டிக்கைக் கடந்து முதன்முதலாக இருவழியில் பேசிக்கொண்டபின், குறிகளின் பன்னாட்டுப் பயன் அமெச்சூர்களுக்கு நேரடியாக விளங்கத் தொடங்கியது. ‘கிடைக்கப்பெற்றேன்’ என்று பொருள்படும் ‘கியூ.எஸ்.எல்.’, உரையாடலை உறுதிப்படுத்தி அஞ்சலில் அனுப்பும் அச்சிட்ட அட்டைக்குப் பெயராகி, அந்த அட்டைகளைச் சேர்ப்பது தனிப் பற்றாக வளர்ந்தது. 1934இல் ஆர்தர் பிராட்டன் ஒலியை மதிப்பிட மூன்று இலக்க முறையை வகுத்தார்: புரியும் தன்மைக்கு 5 வரை, வலிமைக்கு 9 வரை, தொனித் தூய்மைக்கு 9 வரை மதிப்பெண். எனவே 599 என்பது குறையில்லாத ஒலி. போட்டிகளில் அதுவும் நீளமாகப் பட்டதால் 9க்குப் பதிலாக ‘என்’ என்ற எழுத்தை அனுப்பும் வழக்கம் வந்தது. 9க்கு நான்கு கோடும் ஒரு புள்ளியுமாக 17 அலகுகள், ‘என்’னுக்கு ஒரு கோடும் ஒரு புள்ளியுமாக ஐந்தே அலகுகள். ஆனால் போட்டிகளில் எல்லா நிலையங்களுக்கும் பார்க்காமலே 599 கொடுக்கும் பழக்கம் பரவிவிட்டதால் மதிப்பீடு தன் பொருளை இழந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பொருள் குன்றாமல் நின்றது 73தான். பன்னாட்டு மோர்ஸில் அது இரண்டு கோடு, மூன்று புள்ளி, மீண்டும் மூன்று புள்ளி, இரண்டு கோடு என்று முன்னும் பின்னும் ஒரே மாதிரி அமைகிறது. இந்தச் சமச்சீர் பழைய அமெரிக்க மோர்ஸில் இல்லை, முறை மாறியதால் தற்செயலாகக் கிடைத்த அழகு.

2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, சிற்றலைகளில் இயங்க விரும்பும் அமெச்சூர்களுக்கு மோர்ஸ் தேர்வைக் கட்டாயமாக்கும் பன்னாட்டு விதியை நீக்கி, அம்முடிவை அந்தந்த நாட்டுக்கு விட்டது. அமெரிக்கா 2007இல் அத்தேர்வைக் கைவிட்டது. மோர்ஸ் அறியாதவர்களும் ஒலிவாங்கியில் பேசும்போது ‘கியூ.டீ.எச்.’ என்று ஊரைச் சொல்லி, 73 என்று விடைபெறுகிறார்கள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017இல் வெளியிட்ட ‘எஃப்.டீ.8’ என்ற கணினி முறையில் சாவியும் இல்லை, தட்டும் கையும் இல்லை. ஒவ்வொரு முறையும் 77 பிட்டுகள் மட்டுமே அனுப்ப இடமுள்ள அம்முறையில் ஊரின் பெயருக்கோ வானிலைப் பேச்சுக்கோ வழக்கமான செய்தியில் இடமில்லை. ஆயினும் அழைப்பு, ஒலியளவு, ஏற்பு என்று சுருங்கிவிட்ட உரையாடலின் கடைசி வரியாக 73ஐ அனுப்புவதற்கு அதன் ஆக்கியோர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.