பலாத்காரமும் சமாதியும்

மனத்தை ஒருமுகப்படுத்துதல் என்றவுடனே, திமிறி ஓடும் காளையை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்து நிறுத்துகின்ற மல்லாட்டமே நம்மவர் பலருடைய நினைவுக்கு வருகிறது. புலனடக்கம், வைராக்கியம், மனோதிடம் முதலிய சொற்களை நாம் வழங்கும் தோரணையும் அவ்வெண்ணத்துக்கே உரமூட்டுகிறது. பௌத்தர்கள் சமதம் என்று வழங்கும் சித்த அமைதிப் பயிற்சியையும் இந்த ரீதியிலேயே பொருள் கொள்வார் உளர். பாலி நூல்களை முறையாக நோக்குமிடத்து இக்கருத்து நிலைபெறுவதற்கில்லை என்பதும், தேரவாத மரபு சமாதிக்கு அணுக்கமான காரணமாகக் கொண்டது சுகத்தையே என்பதும் இக்கட்டுரையின் கோட்பாடு.

மஜ்ஜிம நிகாயத்து மகாசச்சக சூத்திரம் இவ்விஷயத்தில் முதற் பிரமாணம். ஆளார காலாமர், உத்தக ராமபுத்திரர் என்னும் ஆசிரியர்களிடத்து அரூப சமாபத்திகளை (உருவமற்ற தியான நிலைகளை) கற்று, அவற்றால் நிறைவு பெறாது உருவேலையை அடைந்த போதிசத்துவர் (ஞானம் பெறுமுன் புத்தர்), அங்கு மேற்கொண்ட கடுந்தவத்தின் தொடக்கத்தில், பல்லோடு பல்லைக் கடித்து, நாவை மேலண்ணத்தில் அழுத்தி, சித்தத்தைச் சித்தத்தாலேயே நசுக்க முயன்றார் என்றும், அதனால் அக்குளில் வியர்வை வழிந்ததேயன்றி உடல் அமைதியுறவில்லை என்றும் அச்சூத்திரம் அவர் வாக்காகவே கூறுகிறது. மூச்சை அடக்கியும் உணவைக் குறைத்தும் செய்த தவங்களும் பயனற்றுப்போன பின்னர், தந்தையார் தம் தொழிலில் ஈடுபட்டிருக்கையில் நாவல் மரத்து நிழலில் அமர்ந்திருந்த தமக்கு இளமையிலே வாய்த்த முதல் தியானம் அவர் நினைவுக்கு வந்தது. காமத்தோடு சம்பந்தமில்லாத அந்தச் சுகத்துக்குத் தாம் அஞ்ச வேண்டுவதில்லை என்று தெளிந்து, நலிந்த உடலால் அதனை எய்துதல் எளிதன்று என்பதையும் உணர்ந்து, அவர் சோறுண்டார். உணவும் தியானமும் இவ்வரிசையில் அமைந்தது தற்செயலன்று. தவசிகள் பலர் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள்.

இதற்கு மாறாக, அதே நிகாயத்து விதக்கசண்டான சூத்திரத்தை எடுத்துக்காட்டி மறுப்பாரும் இருக்கக்கூடும். தீய விதர்க்கங்களை (நினைவுகளை) நீக்குதற்கு அங்கே கூறப்பட்ட 5 உபாயங்களுள் இறுதியானது, பல்லைக் கடித்து நாவை அழுத்தும் அதே முறைதான். வலியவன் மெலியவனைப் பற்றி அமுக்கும் உவமையும் அதுவே. ஆயினும் அது வைக்கப்பட்ட இடத்தைக் கவனிக்க வேண்டும். நல்லதொரு நினைவால் தீயதை மாற்றுதல், அதன் கேட்டை ஆராய்தல், அதனைப் பொருட்படுத்தாதிருத்தல், அது எழும் மூலத்தைப் படிப்படியாகத் தணித்தல் என்னும் 4 உபாயங்களும் பலியாதவிடத்தே அது விதிக்கப்படுகிறது. அன்றியும், தீய நினைவு நீங்கியபின் சித்தம் உள்ளே நிலைபெற்று ஒருமையுறுகிறது என்றே ஐந்திடத்தும் சூத்திரம் முடிக்கின்றது. நசுக்குதல் தடையை அகற்றும் சிகிச்சை. சமாதியை விளைப்பது அதுவென்று கொள்ளுதற்கு அங்கே ஆதாரமில்லை.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோஷர் இயற்றிய விசுத்தி மார்க்கம் இதனை ஐயத்துக்கிடமின்றி வரையறுக்கிறது. (காஞ்சிபுரம் முதலிய இடங்களில் சோதிபாலர் என்னும் தேரரோடு தாம் வாழ்ந்ததை அங்குத்தர நிகாய உரையின் இறுதியில் அவரே குறித்திருப்பதால், தமிழகத்துக்கு அவர் அந்நியரல்லர்.) சமாதியின் இலக்கணம், தொழில், தோற்றம் ஆகியவற்றைக் கூறியபின், அதன் அணுக்கக் காரணம் சுகம் என்று ஒரே சொல்லில் நிறுத்துகிறார். அச்சொல்லின் விரிவுரை போலவே 40 கம்மட்டானங்களுள் (தியானப் பொருள்களுள்) முதலாவதான பிருதிவி கசிணத்தின் (மண் வட்டத்தின்) விதிகள் அமைந்திருக்கின்றன. அருணோதய நிறமுள்ள களிமண்ணைப் புல், வேர், கல், மணல் நீக்கிப் பிசைந்து, ஒரு சாண் 4 விரல் அகலமுள்ள வட்டமாகப் பூசி மெழுக வேண்டும். அதினின்று 2½ முழத் தொலைவில், ஒரு சாண் 4 விரல் உயரமுள்ள ஆசனத்தில் அமர வேண்டும். தொலைவு மிகுந்தால் வட்டம் தெளிவாய்த் தோன்றாது. குறைந்தால் மண்ணில் பதிந்த கைத்தடம் முதலிய குறைகள் தெரியும். ஆசனம் உயர்ந்தால் கழுத்தை வளைக்க நேரும். தாழ்ந்தால் முழங்கால் நோகும். கண்ணை அகல விழித்தால் கண் களைக்கும். மிகவும் சுருக்கினால் சித்தம் சோம்பும்.

இவ்வாறு நோக்கி வருகையில், கண்ணை மூடினாலும் திறந்தபோது போலவே வட்டம் தோன்றும் நிலை வந்ததும், உக்கக நிமித்தம் (மனத்தில் பதிந்த உரு) பிறந்ததாகக் கொண்டு, சாதகன் தன் இருப்பிடத்துக்குச் சென்று அங்கே அதனை வளர்க்கிறான். வழியில் கால் அழுக்குற்றால் கழுவுதற்குத் தாமதம் ஆகுமாதலால், ஒற்றைத் தோல் செருப்பும் ஊன்றுகோலும் அவனுக்கு வேண்டும் என்று நூல் சொல்கிறது. செருப்பைக்கூட மறவாத இந்நூலாசிரியர் மனோதிடத்தை நம்பியிருந்தாரானால் இத்துணை நுணுக்கம் அவருக்குத் தேவைப்பட்டிராது. பின்னர் நீவரணங்கள் (மனத் தடைகள்) ஐந்தும் அடங்க, கைத்தடமும் நிறமும் வடிவமும் அற்ற படிபாக நிமித்தம் (தூய எதிருரு) உதிக்கிறது. உபசார சமாதியும் (அணுக்க நிலை), அதனைக் காத்துப் பேணியவனுக்கு அர்ப்பணா சமாதியும் (முழு ஒன்றல்) கைகூடுகின்றன.

வீரியம் (முயற்சி) 5 இந்திரியங்களுள் (மன ஆற்றல்களுள்) ஒன்றாயிற்றே என்று வினவலாம். வீரியம் மிகுந்து சமாதி குன்றினால் சித்தம் பரபரப்புறும், சமாதி மிகுந்து வீரியம் குன்றினால் சோம்பல் மேற்படும் என்று புத்தகோஷரே கூறி இரண்டையும் சமன்செய்யப் பணிக்கிறார். அர்ப்பணா சமாதிக்குரிய 10 திறங்களை அடுக்குங்கால், மயிரும் நகமும் களைந்து, உடலையும் ஆடையையும் தூய்மையாக்குதலையே அவர் முதலில் வைக்கிறார். முயற்சியைத் தூண்டுதல் அதற்குப் பின்னரே வருகிறது.

சுகமே காரணமாயின் சமாதி இத்துணை அரிதாவானேன் என்பது எஞ்சி நிற்கும் ஆட்சேபம். கசிணப் பயிற்சியை முடிப்பவர் நூறு அல்லது ஆயிரத்தில் ஒருவரே, அவருள் நிமித்தம் பெறுபவரும் அவ்வாறே என்று 12ஆம் அத்தியாயத்தில் ஆசிரியரே ஒப்புகிறார். சுகத்துக்கு ஏற்ற இடம் அமைதலே அரிது என்னும் சமாதானம் அவர் விலக்கச் சொல்லும் 18 விகாரைகளின் பட்டியலில் உள்ளது. புது விகாரையில் கட்டட வேலை ஓயாது. குளத்தருகே ஆடைக்குச் சாயமிட வருவோர் பாத்திரமும் விறகும் கேட்டு நிற்பர். பழமரச் சோலையில் பழம் பறிக்க வருவோர் மறுத்தால் வைவர். சேதியகிரி போலப் பெயர்பெற்ற இடமாயினோ, அங்கே வசிப்பவரை அருகதர் என்றே கருதி நாற்றிசையினின்றும் மக்கள் வணங்க வந்துகொண்டேயிருப்பர்.