பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் எண்: ஒரு இரசாயனவியலாளரின் கட்டுரைகளை எப்படி வாசிப்பது?

போன மாதம் கிளிநொச்சியில் இருந்து தங்கச்சி முறையான ஒருத்தி தொலைபேசியில் வந்தாள். சேதன இரசாயனத்தில் பட்டம் முடித்து, வெளிநாட்டில் ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். "அண்ணா, அங்க நான் கேக்கிற புரொபசருக்கு எச் சுட்டெண் 60. எங்கட சேருக்கு 9. அப்ப சேர் தாற கடிதத்தை ஆர் மதிப்பினம்?"

நான் ஊடகக் கற்கை படித்தவன். எங்கள் துறையிலும் கிளிக்குகளை எண்ணித்தான் மரியாதை. ஆகவே அந்த எண் எப்படி வருகிறது என்று தேடிப் பார்த்தேன்.

ஒரு ஆய்வுக் கட்டுரையைப் பின்னால் எழுதுபவர்கள் தங்கள் கட்டுரையில் சுட்டிக் காட்டினால் அது ஒரு மேற்கோள். இவற்றைத் திரட்டி 1964 இல் அறிவியல் மேற்கோள் சுட்டியை வெளியிட்டவர் அமெரிக்கரான யூஜின் கார்பீல்ட். அவரும் இரசாயனம் படித்தவர்தான். எச் சுட்டெண்ணை 2005 இல் முன்வைத்தவர் பௌதிகவியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ். ஒருவரின் 9 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 9 தடவை சுட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 9. ஒரேயொரு கட்டுரை எழுதி, அது பத்தாயிரம் தடவை சுட்டப்பட்டாலும் அவருடைய எண் 1 தான்.

எண் எதைக் காட்டும், எதை மறைக்கும் என்பதற்கு யப்பானின் அகிரா சுசுகியை எடுத்துக் கொள்வோம். 1960களின் தொடக்கத்தில் சப்போரோ நகரப் புத்தகக்கடை ஒன்றில் ஹேர்பேர்ட் பிரவுண் எழுதிய போரன் இரசாயன நூல் அவர் கையில் அகப்பட்டது. அதன்பின் அமெரிக்கா போய் பிரவுணிடமே வேலை பழகித் திரும்பினார். 1979 இல் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் இருந்து சின்னக் கட்டுரை ஒன்று வந்தது. போரன் ஏந்திய ஒரு துண்டையும் அலசன் ஏந்திய இன்னொரு துண்டையும் பலேடியம் ஊக்கியோடு சேர்த்து, காபனுக்கும் காபனுக்கும் பிணைப்பு உண்டாக்கும் வழி அது. ஒரு காரத்தையும் சேர்த்ததுதான் சூட்சுமம். இரண்டு ஆண்டுகள் கழித்து, பென்சீன் வளையங்கள் இரண்டை இதே வழியில் பொருத்திக் காட்டினார்கள். போரன் சேர்வைகள் பெரும்பாலும் காற்றுக்கும் நீருக்கும் தாக்குப் பிடிப்பவை, நச்சும் குறைவு. அதனால் தொழிற்சாலைகளுக்கும் இந்த வழி பிடித்துப் போயிற்று.

அந்த 1979 கட்டுரையின் முதற் பெயர் சுசுகி அல்ல, நொரியோ மியாவுரா. இருவரும் சேர்ந்து 1995 இல் எழுதிய மீளாய்வுக் கட்டுரைதான் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தடவை சுட்டப்பட்டது. கண்டுபிடித்த கட்டுரையை விட, கண்டுபிடிப்பைத் தொகுத்துச் சொன்ன கட்டுரைக்குக் கூடுதல் மேற்கோள். இது இத்துறையில் அடிக்கடி நடப்பது. இப்போது பலர் எதையுமே சுட்டாமல் "சுசுகி இணைப்பு" என்று பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். வேலை பொதுச் சொத்தாகிவிட்டால் கணக்கில் இருந்து விழுந்து விடும்.

நோபல் பரிசு 2010 இல் வந்தபோது சுசுகிக்கு வயது 80. பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது. ஹெக், நெகிஷி, சுசுகி என்று மூன்று இடமும் நிரம்பின. மியாவுரா வெளியே நின்றார். ஹெக்குக்கு ஓராண்டு முன்னரே அவருடைய முறையை ஒத்த ஒன்றை 1971 இல் வெளியிட்ட சுத்தோமு மிசோரோகி 1980 இலேயே காலமாகிவிட்டார்.

சுசுகி தன் முறைக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. அதன் பலனை மேற்கோள் பட்டியலில் தேட முடியாது. கிளினிக்கில் அம்மாவுக்குத் தரும் பிரஷர் குளிசையான லொசாட்டனில் இரண்டு பென்சீன் வளையங்கள் பொருந்தி இருக்கின்றன. மேர்க் கம்பனி 1994 இல் வெளியிட்ட லொசாட்டன் தயாரிப்பு முறை, அவற்றைச் சுசுகி இணைப்பால்தான் பொருத்துகிறது. எல்லாக் கம்பனிகளும் அப்படிச் செய்வதில்லை. ஆனாலும் அம்மாவின் குளிசைப் பையைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்கு ஹொக்கைடோ ஞாபகம் வருகிறது.

இனி அந்த 9 க்கு வருவோம். சேரின் கட்டுரைகளை ஆண்டு வாரியாக அடுக்கச் சொன்னேன். 1990 முதல் சில ஆண்டுகள் வெறுமை. குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு, பொருளாதாரத் தடை. கரைப்பான் போத்தல் ஒன்றை எந்தச் சோதனைச் சாவடியால் கொண்டு வருவது? 1995 ஒக்ரோபரில் ஊரே எழும்பிப் போனது. தொகுப்பு இரசாயனத்துக்குத் தூய கரைப்பான், குளிரூட்டி, பகுப்பாய்வுக் கருவி எல்லாம் வேண்டும். காகிதமும் பேனாவும் மட்டும் போதாது. தரவுத்தளத்துக்கு இது தெரியாது. அதற்கு வெறுமை வெறுமைதான். சோம்பலோ செல்லடியோ என்று அது கேட்பதில்லை.

அவளுக்கு நான் சொன்னவை கொஞ்சம்தான். 60 எண் உள்ளவரின் கட்டுரைகளில் மீளாய்வு எத்தனை, சொந்தக் கண்டுபிடிப்பு எத்தனை என்று பார். அவருடைய மாணவர்களின் பெயர் முதலில் வருகிறதா, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடு. மருத்துவ ஆய்வாளரின் எண்ணோடு தொகுப்பு இரசாயனவியலாளரின் எண்ணை ஒப்பிடாதே. துறைக்குத் துறை சுட்டும் வழக்கம் வேறு. சேரிடம் போய், அந்த ஆண்டுகளில் ஆய்வுகூடம் எப்படி இருந்தது என்று கடிதத்தில் இரண்டு வரி எழுதக் கேள்.

கடைசியாகச் சொன்னதற்குத்தான் தயங்கினாள். "சேர் அதைப் பற்றிக் கதைக்கிறதே இல்லை அண்ணா."

போன கிழமை கேட்டிருக்கிறாள். சேர் இரண்டு வரியோடு நிறுத்தவில்லை, ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாராம்.