சுவரும் சித்திரமும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம்முடைய பழமொழி. இதைத் தலைகீழாக்கி, "முதலில் சித்திரத்தை எழுது; சுவர் தானே எழும்பிவிடும்" என்று நம்பிய காலம் ஒன்று உண்டு. நம்பியவர்கள் கொத்தனார்கள் அல்ல. கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர்கள். 1990-களின் இறுதியிலும் அதை அடுத்த சில ஆண்டுகளிலும் அந்த நம்பிக்கை கொடிகட்டிப் பறந்தது.

ஆசை என்னவோ பழையதுதான். 1957-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பாக்கஸும் அவருடைய சகாக்களும் ஃபோர்ட்ரான் என்ற மொழியை வெளியிட்டார்கள். கணக்குச் சூத்திரத்தை எழுதிக் கொடுத்தால் போதும். யந்திரத்துக்கு வேண்டிய கட்டளைகளை யந்திரமே தயாரித்துக்கொண்டது. சூத்திரத்திலிருந்து கட்டளை பிறக்குமானால், சித்திரத்திலிருந்து புரோகிராம் பிறக்கக் கூடாதா? நியாயமான கேள்விதானே!

சித்திரக்காரர்கள் மூவர் வந்தார்கள். அமெரிக்காவில் கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா. ஸ்வீடனில் இவார் ஜேகப்சன். ஒரே பொருளைப் பூச் மேகமாக வரைந்தார். ரம்பா பெட்டியாக வரைந்தார். 1995-க்குள் மூவரும் ரேஷனல் என்ற ஒரே நிறுவனத்தில் சேர்ந்தார்கள். 1997 நவம்பரில் அவர்களுடைய யூ.எம்.எல். என்ற சித்திர மொழி பொது நியமமாக ஏற்கப்பட்டது. மேகம் தோற்றது, பெட்டி வென்றது. பெட்டிக்கு மூன்று அறைகள். பாங்கிக் கணக்கு ஒன்றை வரைவதானால், முதல் அறையில் 'கணக்கு' என்ற பெயர். இரண்டாவதில் இருப்புத் தொகை. மூன்றாவதில் 'பணம் போடு', 'பணம் எடு' என்ற காரியங்கள்.

இதற்கிடையே, 1995-இல் ஸன் நிறுவனம் ஜாவா மொழியை வெளியிட்டிருந்தது. பாங்கி, இன்ஷியூரன்ஸ் கம்பெனி போன்ற பெரிய இடங்களுக்கென்று அதன் விரிந்த பதிப்பு 1999 டிசம்பரில் வந்தது. அங்கேதான் தொல்லை ஆரம்பம். அந்தப் பதிப்பின் விதிப்படி எழுத முனைந்தால், மேற்சொன்ன 'கணக்கு' ஒன்றுக்குக் குறைந்தது நாலு தஸ்தாவேஜு வேண்டும். அதைத் தேடிப் பிடிக்க ஒன்று. தூரத்திலிருந்து அதனோடு பேச ஒன்று. உண்மையில் வேலை செய்ய ஒன்று. இவற்றை யெல்லாம் சர்வருக்கு அறிமுகம் செய்துவைக்க எக்ஸ்.எம்.எல். விவரக் குறிப்பு ஒன்று. கல்யாணம் ஒன்று, பத்திரிகை நாலு! ஒன்றில் ஒரு பெயரை மாற்றினால் மற்றவற்றிலும் மாற்றியாக வேண்டும்.

புதிதாகக் கற்க வந்த இளைஞன் திணறிப்போனான். அவனுக்குக் கைகொடுக்க ரோஸ், டுகெதர் முதலான சித்திரக் கருவிகள் இருந்தன. பெட்டியை வரை, பொத்தானை அமுக்கு. தஸ்தாவேஜுகள் வந்து விழும். டுகெதர் இன்னும் சமர்த்து. சித்திரத்தைத் திருத்தினால் புரோகிராமும், புரோகிராமைத் திருத்தினால் சித்திரமும் உடனுக்குடன் மாறும். யார்தான் மயங்கமாட்டார்கள்?

ஆனால் 'பணம் எடு' என்று பெட்டியில் எழுதியாயிற்று. இருப்பு போதாவிட்டால் என்ன செய்வது? ஒரே கணக்கில் ஒரே விநாடியில் இருவர் கை வைத்தால்? பெட்டி வாய் திறக்காது. கருவி கொடுத்தது எலும்புக்கூடு. சதையை மனிதன்தான் வைக்க வேண்டியிருந்தது. ஃபோர்ட்ரானுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். சூத்திரத்தில் கணக்கு முழுவதும் அடங்கியிருந்தது. அதனால் யந்திரம் தயாரித்ததை யாரும் தொட வேண்டியதில்லை. பெட்டியில் பாதிதான் இருந்தது. தயாரித்ததன் நடுவே கையால் எழுத வேண்டியிருந்ததால், "இந்த வரிகளைத் தொடாதே" என்று கருவி எச்சரிக்கைக் குறி போட்டுவைக்கும் நிலை வந்தது. பொத்தானை மட்டுமே படித்தவனுக்கு ஒருநாள் சர்வர் பிழை காட்டும். பிழை இருப்பதோ அவன் எழுதாத, ஒருமுறைகூடப் படித்தறியாத தஸ்தாவேஜில்! பாவம், எங்கே போய்த் தேடுவான்?

மருந்து வேறு திசையிலிருந்து வந்தது. நாலு தஸ்தாவேஜை விரைவாகத் தயாரிப்பது எப்படி என்று எல்லோரும் யோசித்தபோது, நாலு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். 2000-இல் மார்ட்டின் ஃபௌலர், ரெபெக்கா பார்ஸன்ஸ், ஜாஷ் மக்கென்ஸி ஆகிய மூவர் வேடிக்கையாக ஒரு காரியம் செய்தார்கள். சாதாரண ஜாவாப் பொருளை ஜனங்கள் ஒதுக்குவதற்குக் காரணம் அதற்கு ஆடம்பரமான பெயர் இல்லாததுதான் என்று கண்டு, 'போஜோ' என்று பெயர் சூட்டினார்கள். 'வெறும் பழைய ஜாவாப் பொருள்' என்பதுதான் அதன் அர்த்தம்! பெயர் பிடித்துக்கொண்டது. 2002-இல் ராட் ஜான்ஸன் எழுதிய புத்தகத்திலிருந்து ஸ்பிரிங் என்ற எளிய சாதனம் வளர்ந்து, 2004-இல் முதல் பதிப்பாக வெளிவந்தது. 2006-இல் ஜாவாவின் அதிகாரபூர்வமான விதியே இறங்கிவந்து, சாதாரணப் பொருளின் தலையில் ஒரு குறியிட்டால் போதும் என்றது. சுமை குறைந்ததும் சுமைதாங்கிக்கு வேலை குறைந்துபோயிற்று.

சித்திரம் செத்துவிடவில்லை. இருவர் பலகை முன் நின்று, "நீ சொல்வது இதுதானா?" என்று கேட்டுக்கொள்ள இன்றும் அந்தப் பெட்டிகளே உதவுகின்றன. இன்று சித்திரத்துக்குப் பதிலாக, பேசுகிற பாஷையில் நாலு வாக்கியம் சொல்லிப் புரோகிராம் வாங்குகிறார்கள். வந்து விழுந்ததைப் படித்துப் பார்க்கிறோமா என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

தொடர்கதை ஆரம்பிக்குமுன் நானும் அத்தியாயப் பட்டியல் போடுகிறவன்தான். 'நாயகி வீட்டைவிட்டுப் புறப்படுகிறாள்' என்று அதில் ஒரு வரி இருக்கும். வாசற்படியில் அவள் ஏன் ஒரு கணம் தயங்கினாள் என்பது எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை. அந்த இடத்தை எழுதும்போதுதான் அது எனக்கே தெரிகிறது.