விண்கப்பலுக்குள் விளக்கு வந்த கதை

பினாங்குப் பக்கமிருந்து இரவு நேரத்தில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டி, மலையிலிருந்து ஜெலாப்பாங்கை நோக்கி வண்டி இறங்கும். கீழே ஈப்போ வெறும் வெளிச்சப் புள்ளிகளாகக் கிடக்கும். எது கட்டடம், எது சாலை என்று தெரியாது.

இதைப் போன்ற ஒரு காட்சிதான் திரையுலகின் புகழ்பெற்ற விண்கப்பல் ஒன்றுக்கு வித்திட்டது என்றால் நம்ப முடிகிறதா? அதுவும் இந்திய மண்ணில்! 1977-இல் வெளிவந்த 'குளோஸ் என்கவுன்டர்ஸ் ஆஃப் தி தர்ட் கைண்ட்' படத்தின் ஒரு பகுதியை எடுக்க இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் பம்பாய்ப் பக்கம் வந்திருந்தார். அங்கே இரவில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைக் கண்டார். குழாய்களும் கோபுரங்களும் விளக்குகளுமாக அது நின்ற கோலம் அவர் மனத்தில் பதிந்துவிட்டது. படத்தில் வரும் தாய்க்கப்பலின் தோற்றம் அதிலிருந்துதான் பிறந்தது. கிரெக் ஜீன் தலைமையில் செய்யப்பட்ட அந்த மாதிரி இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அருகில் போய்ப் பார்த்தால் அஞ்சல் பெட்டி, குட்டி வேன், கல்லறைத் தோட்டம் என்று செய்தவர்கள் ஒட்டிவைத்த குறும்புகள் தெரியும். திரையில் இவை எதுவும் கண்ணில் படாது. ஒளி அத்தனையையும் விழுங்கிவிடும்.

ஈப்போ மக்களுக்கு இது புதிதா என்ன? தைப்பூசத்தில் கல்லுமலைக்குப் புறப்படும் ரதத்தை இரவில் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளிச்சம் தெரிய வேண்டும், வயர் தெரியக்கூடாது. தொழில் இரகசியம் அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்து முடிப்பதில்தான் பாடு.

எவ்வளவு பாடு என்பதற்கு 'ஸ்டார் டிரெக்' தொடரின் எண்டர்பிரைஸ் கப்பலே சாட்சி. மேட் ஜெஃப்ரீஸ் வடிவமைத்த அந்த 11 அடி மாதிரியை ரிச்சர்ட் டேட்டின் குழுவினர் மரம், பிளாஸ்டிக், உலோகத் தகடு கொண்டு 1964 டிசம்பரில் செய்து கொடுத்தார்கள். அப்போது அதில் ஒரு விளக்குகூட இல்லை. சன்னல்கள் எல்லாம் வெறும் வண்ணப் பூச்சு! வெளிச்சம் வேண்டும் என்ற எண்ணம் பின்னால்தான் வந்தது. செய்து முடித்த உடம்பில் ஓட்டை போட்டார்கள். உள்ளே பல்பு வைத்தார்கள். இயந்திரக் கூடுகளின் முகப்பில் ஏதோ மாபெரும் சக்தி சுழல்வதுபோல் தெரியுமே, அது என்ன தெரியுமா? ஒரு சிறு மோட்டார், சுழலும் தகடுகள், கண்ணாடித் துண்டுகள், மினுக்கும் குட்டி பல்புகள். நம் வீட்டுத் தீபாவளி விளக்குச் சரத்துக்கு ஒன்றுவிட்ட உறவுதான்.

சரி, இத்தனை வயரும் எங்கே போகும்? கப்பலின் இடப் பக்கம் வழியாக வெளியே தொங்கியது. அதனால் இடப் பக்கத்தை முழுமையாக முடிக்கவே இல்லை. வலப் பக்கத்தை மட்டுமே படம் பிடித்தார்கள். மறுபக்கம் காட்ட வேண்டி வந்தபோது எழுத்துகளைத் தலைகீழ்ப் பிம்பமாக ஒட்டி, எடுத்த படத்தைப் புரட்டிப் போட்டார்கள். உலகமே வியந்த கப்பல், பாதி முடிந்த கப்பல்!

1966-இல் ஏ.எம்.டி. நிறுவனம் இதே கப்பலைப் பாகங்களாகப் பெட்டியில் போட்டு விற்றது. முதலில் வந்த பெட்டிகளில் விளக்கும் இருந்தது; பிறகு எடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்துக் குமிழ் பல்பு சூடாகும், பிளாஸ்டிக்கோ சூட்டில் இளகும். விளக்குப் போட விரும்பியவர்களுக்கு நெடுங்காலம் இது பெருந்தொல்லை. வெள்ளை எல்.இ.டி. வந்த பிறகே அது தீர்ந்தது. அதற்கு வழிதிறந்த நீல எல்.இ.டி.யைக் கண்ட மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஊசிமுனை சன்னல்களுக்கு ஒளியிழை கைகொடுக்கிறது. அந்தத் துறைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. 1954-இல் லண்டனில் பேராசிரியர் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கட்டின் வழியே படத்தையே அனுப்பிக் காட்டியவர்.

இன்று ஜெலாப்பாங்கில் ஒரு பையன் முதன்முதலாக இப்படியொரு கப்பலைச் செய்ய உட்கார்ந்தால் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. கம்பிகளைப் பற்றவைக்க ஈயம் வேண்டும். ஈயத்தால் வளர்ந்த கிந்தா பள்ளத்தாக்குக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா! அவன் தடுக்கி விழும் இடம் வேறு. பெட்டியைப் பிரித்ததும் ஒட்ட ஆரம்பித்துவிடுவான். முதலில் வெளிச்சத்தை யோசிக்க வேண்டும். பிளாஸ்டிக் வழியே ஒளி கசிந்து கப்பல் முழுதும் லாந்தர்போல் எரியும். அதைத் தடுக்க உட்புறம் கறுப்புப் பூசி, அதன்மேல் வெள்ளை பூச வேண்டும். ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் ஏற்ற மின்தடையைச் சேர்த்து, மூடுவதற்கு முன்பே எரியவிட்டுப் பார்க்க வேண்டும். வயர்களைக் கப்பலைத் தாங்கும் தண்டின் வழியே இறக்கிவிட்டால் இரு பக்கமும் சுத்தமாக இருக்கும். எண்டர்பிரைஸுக்குக் கிடைக்காத பாக்கியம் அது.

அந்தப் பழைய கப்பல் 1974-இல் ஸ்மித்சோனியனுக்குப் போய்ச் சேர்ந்தது. பழுது பார்க்கிறோம் என்று அதன்மேல் பலமுறை கை வைத்தார்கள். 1991-இல் பூசிய புது வண்ணம் பலருக்குப் பிடிக்கவில்லை. 2014-இல் தொடங்கிய சீரமைப்பு 2016-இல் முடிந்தது. 1967 ஆகஸ்டில் இருந்த தோற்றத்துக்கே அதைத் திருப்ப நினைத்தார்கள். சூடாகும் பழைய பல்புகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. வைத்தார்கள். தட்டின் மேற்புறத்தில் மட்டும் அந்தக் காலத்து வண்ணம் மிஞ்சியிருந்தது. அதன்மேல் புது வண்ணம் பூசாமல் காத்துக்கொண்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய, நோயாளியைப் போல் அதற்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தது. ஜெலாப்பாங் பையனிடம் கைப்பேசி இருக்கிறது. கடைசி மூடியை ஒட்டுவதற்கு முன் உள்ளே ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் அவனுக்கு எக்ஸ்ரே தேவைப்படாது.