கரண்டு என்னும் ஒரு சொல்லும் மூன்று அளவுகளும்

மலாயாவில் முதன்முதலாக மின்சாரம் எடுக்கப்பெற்ற இடம் சிலாங்கூர் மாநிலத்து ரவாங்கில் இருந்த ஓர் ஈயச் சுரங்கம்; ஆண்டு 1894. அதனைச் செய்தவர் இருவர்: லோக் இயூ, தம்புசாமிப் பிள்ளை. மறு ஆண்டே கோலாலம்பூர் இரயில் நிலையத்தில் மின்விளக்கு எரிந்தது. ஆக, இந்நாட்டுத் தமிழர்க்கும் மின்சாரத்திற்கும் உள்ள உறவு நூற்றாண்டைக் கடந்தது. அதனைப் பேசும் சொல்தான் இன்னும் தெளிவடையவில்லை.

மேருவிலும் கிள்ளானிலும் நம் வீடுகளில் வழங்கும் பேச்சைக் கேளுங்கள். "கரண்டு அடித்துவிட்டது" என்பர்; அது உடலினூடே பாய்ந்த மின்னோட்டம். "கரண்டு குறைவாக வருகிறது, விளக்கு மங்குகிறது" என்பர், அது மின்னழுத்தம். "ஏர்கோன் கரண்டை நிறைய இழுக்கும்" என்பர், அது மின்திறன். சொல் ஒன்று, பொருள் மூன்று. இதனைப் பிழையென்று நான் தள்ளமாட்டேன். இம்மூன்றையும் ஒரே கருவியால் அளக்க முடியும் என்பதைப் பார்த்தால், மக்கள் வழக்கிலும் ஒரு நியாயம் இருப்பது தெரியும்.

மின்னோட்டம் செல்லும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று ஈர்க்கவோ விலக்கவோ செய்யும் என்பதை 1820-இல் ஆம்பியர் காட்டினார். அவ்விசையைக் கொண்டே மின்சாரத்தை அளக்கும் கருவியை ஜெர்மானியரான வெபர் உருவாக்கி, 1846-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். அசையாத சுருள் ஒன்று. அதன் நடுவே திரும்பக்கூடிய சுருள் மற்றொன்று. பிற்காலக் கருவிகளில் இயங்குசுருளோடு முள்ளும், அதனை எதிர்த்து நிறுத்தும் மெல்லிய சுருள்வில்லும் சேர்ந்தன.

இரு சுருள்களையும் தொடராக இணைத்தால் சிறு மின்னோட்டத்தை அளக்கலாம். அவற்றோடு பெரிய மின்தடை ஒன்றைத் தொடராகச் சேர்த்தால் மின்னழுத்தத்தை அளக்கலாம். இவ்விரண்டிலும் விசை மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலின் அளவுகோலின் தொடக்கத்தில் கோடுகள் நெருங்கிக் கிடக்கும். மூன்றாவது இணைப்பே இக்கருவியின் பெருமை. நிலைச்சுருளில் சுமையின் மின்னோட்டம் செல்லும். மின்தடையோடு கூடிய இயங்குசுருள் மின்னழுத்தத்தின் குறுக்கே நிற்கும். முள் இரண்டின் பெருக்கத்தைக் காட்டும். அதுவே மின்திறன். மாறுமின்னோட்டத்தில் அவ்விரண்டுக்கும் இடையே எழும் கட்ட வேறுபாட்டையும் அது தானே கணக்கில் கொள்ளும்.

1882-இல் தார்சன்வால் அமைத்த கருவியிலும் இயங்குசுருள் உண்டு. ஆனால் அங்கே நிலைச்சுருளின் இடத்தில் நிலைக்காந்தம் இருக்கும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி மாறுவது. அதனை அக்கருவியில் நேராகச் செலுத்தினால் முள் சுழியில் நடுங்கி நிற்கும். வெபரின் கருவியில் இரு சுருள்களிலும் திசை ஒருங்கே மாறுவதால், விசையின் திசை மாறாது.

இங்கேதான் நம் கலைச்சொல் இடறுகிறது. 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் கலைச்சொல்லுக்கெனச் சங்கம் அமைத்த காலந்தொட்டு உழைப்புக்குக் குறைவில்லை. தமிழகப் பாடநூல் 'இயங்கு சுருள் கால்வனோமீட்டர்' என்னும். இலங்கைத் தமிழர் 'இயங்குசுருட் கல்வனோமானி' என்பர். இவர் 'திறன்' என்பதை அவர் 'வலு' என்பர். சொல் வேறுபடுவது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. 'இயங்குசுருள்' என்பது இருவகைக் கருவிக்கும் பொருந்திவிடுவதே குறை. வெபரின் கருவியை 'இருசுருள்மானி' என்றால் என்ன? காந்தம் இல்லை என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் நம் மாணவர், மலாயில் 'அருஸ்', 'வோல்தான்', 'குவாசா' என மூன்று தனிச்சொற்களைக் கற்கின்றனர். மாலையில் வீடு திரும்பியதும் அம்மூன்றும் மீண்டும் 'கரண்டு' ஆகிவிடுகின்றன.