தனியார் மனைக் குப்பைக் கட்டுப்பாடு (அமெரிக்கா)

வீட்டு முற்றத்திலும் கொல்லையிலும் காலி மனையிலும் சேர்ந்து கிடக்கும் குப்பை, பழைய இரும்பு, ஓடாத கார், உடைந்த தட்டுமுட்டுச் சாமான், ஆளுயரக் களை ஆகியவற்றை அகற்றச் சொல்லி நில உரிமையாளருக்கு உள்ளாட்சி ஆணையிடும் அதிகாரம் இது. சொல்லியும் கேட்காவிட்டால் உள்ளாட்சியே ஆள் வைத்து அகற்றிவிட்டுச் செலவை உரிமையாளர் தலையில் ஏற்றும். இதன் வேர் இங்கிலாந்துச் சட்டத்தில் இருக்கிறது. மிக விரிவாகக் கிளைத்தது அமெரிக்காவில். சொந்த இடத்தில் ஒருவர் எதைப் போட்டு வைத்தால் ஊருக்கென்ன என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள் முதலில் நாற்றத்தையும் நோயையும் காரணம் காட்டின. பிற்காலத்தில் கண்ணை உறுத்துவதே போதும் என்றன. இந்த இரண்டாவது காரணம் வந்த பிறகுதான் ஏழை வீட்டு முற்றம் அதிகாரியின் பார்வைக்குள் முழுதாக வந்தது.

ஆங்கிலேய வேர்

1552இல் ஸ்டிராட்ஃபோர்டு ஊரின் ஹென்லி தெருவில் அனுமதியின்றி எருக்குப்பை குவித்ததற்காக ஜான் ஷேக்ஸ்பியர் என்பவருக்கு அபராதம் விழுந்தது. நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரின் தந்தைதான் அவர். அந்த ஊர் ஆவணங்களில் அவர் பெயர் முதன்முதலாகத் தலைகாட்டுவதே இந்தக் குப்பைமேட்டின் வழியாகத்தான். ஊர் மன்றங்கள் இப்படித் தெருவைக் கவனித்துவந்தன. வேலிக்குள் நடப்பது அண்டை வீட்டார் இருவருக்கிடையிலான வழக்காகவே இருந்தது.

அவ்வகை வழக்குகளில் புகழ்பெற்றது 1610ஆம் ஆண்டின் ஆல்ட்ரெட் வழக்கு. வீட்டை ஒட்டிப் பக்கத்து வீட்டுக்காரர் பன்றிக் கொட்டில் கட்டியதால் நாற்றம் தாங்கவில்லை என்று ஆல்ட்ரெட் முறையிட்டார். நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதே தீர்ப்பில் இன்னொரு வரையறையும் உண்டு. நல்ல காற்றும் வெளிச்சமும் கெட்டால் வழக்குப் போடலாம். அழகான காட்சி மறைந்துபோனதற்கு வழக்கு இல்லை, அது வெறும் இன்பப் பொருள். மூக்குக்கு உண்டு, கண்ணுக்கு இல்லை என்ற இந்தக் கோடு அடுத்த மூன்று நூற்றாண்டுகளுக்கு அழியவில்லை.

காலரா வந்த பிறகு அரசே வேலிக்குள் நுழைந்தது. 1848ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும், அதை விரித்தெழுதிய 1875ஆம் ஆண்டின் சட்டமும் உடல்நலத்தைக் கெடுக்கும் எந்தக் குவியலையும் அகற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கும் உரிமையை உள்ளாட்சிக்கு அளித்தன. 1875ஆம் ஆண்டின் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. தொழிலுக்குத் தேவையான குவியல், தேவைக்கு மேல் ஒரு நாளும் வைத்திருக்கப்படாமல், முடிந்த அளவு பாதுகாப்போடு வைத்திருக்கப்பட்டால் தண்டனை இல்லை. ஒருவருக்குக் குப்பையாகத் தெரிவது இன்னொருவருக்குப் பிழைப்பு என்பதை உணர்ந்து எழுதிய விதி இது; பின்னால் அமெரிக்க நகரங்கள் எழுதிய பல விதிகளில் இந்த இரக்கம் இல்லை.

இதே வேரிலிருந்து கிளைத்ததுதான் நம் சட்டமும். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் பொதுத் தொல்லையைக் குற்றமாக்கியது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், தனியார் வளாகத்தில் கொசு உற்பத்தியாகும்படி தண்ணீர் தேங்குவதுவரை சுகாதார அதிகாரியின் அதிகாரத்துக்குள் கொண்டுவந்தது. இன்று டெங்கு காலத்தில் மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயருக்கு நோட்டீஸ் வருவது அந்த மரபில்தான்.

கண்ணுக்கும் வந்த உரிமை

அமெரிக்காவில் இந்த அதிகாரத்துக்கு அடித்தளம் போட்டவர் மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா. பிறருக்குத் தீங்கு செய்யாதபடி பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் எல்லாச் சொத்தும் ஒருவர் கையில் இருக்கிறது என்று 1851இல் அவர் தீர்ப்பளித்தார். 1866இல், காலரா மீண்டும் நெருங்கிவந்த வேளையில், நியூயார்க் தனக்கென அதிகாரம் மிக்க சுகாதார வாரியம் அமைத்தது. மற்ற நகரங்களும் பின்தொடர்ந்தன.

ஆனாலும் அழகு ஒரு காரணமாக ஏற்கப்படவில்லை. விளம்பரப் பலகைகள் பற்றிய வழக்கொன்றில், அழகுணர்ச்சி ஆடம்பரம், தேவை அல்ல என்ற பொருள்பட நியூ ஜெர்சி நீதிமன்றம் 1905இல் சொன்னது. செயின்ட் லூயிஸ் நகரம் அத்தகைய பலகைகளைக் கட்டுப்படுத்தியதை 1911இல் மிசௌரி உச்ச நீதிமன்றம் அனுமதித்தது; ஆனால் பலகைக்குப் பின்னால் திருடர் ஒளிவர், அசுத்தம் சேரும், தீப்பிடிக்கும் என்ற காரணங்களை அடுக்கிய பிறகே அனுமதித்தது. அசிங்கமாக இருக்கிறது என்ற உண்மைக் காரணத்தை வாய்விட்டுச் சொல்லச் சட்டத்தில் அன்று இடமில்லை.

அந்த இடத்தை 1954இல் பெர்மன் வழக்கு திறந்தது. தலைநகர் வாஷிங்டனின் தென்மேற்குப் பகுதியைச் சேரி என்று அறிவித்து அரசு கையகப்படுத்தியதை எதிர்த்து ஒரு கடைச் சொத்தின் உரிமையாளர்கள் போட்ட வழக்கு அது. ஊர் சுகாதாரமாக மட்டுமின்றி அழகாகவும் இருக்க வேண்டும் என்று சட்டமன்றம் முடிவெடுக்கலாம் என அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதினார். அந்தப் பகுதியில் குடியிருந்தவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள், ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்க்கப்பட்டனர். அழகு என்ற சொல் சட்டத்துக்குள் நுழைந்த முதல் பெரும் வாசல் இது என்பதை மறக்கக் கூடாது.

பழைய கார்களின் பெருக்கம்

இரண்டாம் உலகப் போரில் பழைய இரும்பு தேசச் சொத்து. 1942 கோடையில் நெப்ராஸ்கா மாநிலத்தில் நடந்த இரும்பு திரட்டும் இயக்கம் நாடு முழுவதற்கும் முன்மாதிரியானது. கொல்லையில் துருப்பிடித்த கலப்பையைக் கொடுப்பதும் நாட்டுப்பற்று. இருபது ஆண்டுக்குள் நிலைமை தலைகீழானது. எஃகு ஆலைகள் ஆக்சிஜன் ஊதும் புதிய உலைகளுக்கு மாறின. அவற்றுக்குப் பழைய உலைகளைவிடக் குறைவான பழைய இரும்பே போதும். விலை சரிந்தது. ஓடாத காரை இழுத்துக்கொண்டுபோய்க் காயலான் கடையில் போடும் செலவுக்கே கட்டாதபோது, கார் நின்ற இடத்திலேயே நின்றது. அமெரிக்க முற்றங்களில் கார்கள் துருப்பிடித்ததற்கு மக்களின் சோம்பலைக் குறை சொல்வது எளிது. சந்தை விலை செய்த வேலையே அதில் பெரிது.

1965 அக்டோபர் 22 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் நெடுஞ்சாலை அழகூட்டல் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்காக முன்னின்று பாடுபட்டவர் அவர் மனைவி லேடி பேர்ட் ஜான்சன். முக்கிய நெடுஞ்சாலைகளிலிருந்து 1,000 அடிக்குள் இருக்கும் பழைய இரும்புக் கிடங்குகளை வேலியாலோ மரங்களாலோ மறைக்க வேண்டும், இல்லையேல் அகற்ற வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்தாத மாநிலம் மத்திய அரசின் சாலை நிதியில் பத்தில் ஒரு பங்கை இழக்கும் என்று அந்தச் சட்டம் அன்று விதித்தது. இதே காலத்தில் நகரங்களும் கவுண்டி எனப்படும் மாவட்டங்களும் வீட்டு முற்றங்களுக்கு விதி எழுதத் தொடங்கின.

அவற்றால் எழுந்த வழக்குகளில் மறக்க முடியாதது நியூயார்க் மாநிலத்தின் ரை நகர வழக்கு. வரி அதிகம் என்று வெகுண்ட ஸ்டோவர் தம்பதி 1956இல் முன்முற்றத்தில் கொடி கட்டிக் கந்தல் துணிகளைத் தொங்கவிட்டனர். ஆண்டுதோறும் இன்னொரு கொடி சேர்ந்தது. 1961இல் ஆறு கொடிகள் ஆனபோது, தெருப் பக்கம் துணி உலர்த்தக் கூடாது என்று நகரம் தனிச் சட்டமே போட்டது. தம்பதியோ அது தங்கள் எதிர்ப்புக் குரல் என்று வாதிட்டனர். 1963இல் மாநிலத்தின் மேல் நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது: அழகு மட்டுமே காரணமானாலும் கட்டுப்பாடு செல்லும். 1982இல் வட கரோலினா உச்ச நீதிமன்றமும் பன்கோம் கவுண்டியின் இரும்புக் கிடங்கு வழக்கில் இதே முடிவுக்கு வந்தது. ஆனால் ஊருக்குக் கிடைக்கும் நன்மையையும் உரிமையாளருக்கு நேரும் சுமையையும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வைத்தது. நான்கு நூற்றாண்டு வரலாற்றில் மிக நேர்மையான நிபந்தனை அதுவே.

வாசலில் நிற்கும் ஆய்வாளர்

விதி எதைச் சொல்கிறது என்பதைவிட, அதிகாரி எப்படி உள்ளே வருகிறார் என்பது குடிமக்களுக்கு முக்கியம். 1958இல் பால்டிமோர் நகரில் எலித் தொல்லை என்று ஒரு புகார் வந்தது. தேடிவந்த சுகாதார ஆய்வாளர் ஒரு வீட்டின் பின்புறம் எலிப் புழுக்கையும் வைக்கோலும் குப்பையும் கலந்து அரை டன் அளவில் குவிந்திருப்பதைக் கண்டார். நிலவறையைப் பார்க்க வேண்டும் என்றார். வீட்டுக்காரர் ஃபிராங்க் மறுத்தார். அபராதம் 20 டாலர். நீதிமன்ற ஆணை இல்லாமல் ஆய்வாளர் கேட்டது சரியே என்று 1959இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் சொன்னது. எட்டே ஆண்டில், சான் ஃபிரான்சிஸ்கோவின் கமாரா வழக்கில், அந்தத் தீர்ப்பை அதே நீதிமன்றம் கைவிட்டது. 1967 முதல், குடியிருப்பவர் மறுத்தால் ஆய்வாளருக்கு ஆணை வேண்டும். தெருவில் நின்று பார்த்தால் தெரிவதற்கு ஆணை தேவையில்லை. ஆகவே முன்முற்றம் மாட்டிக்கொள்ளும், உயர்ந்த மதில் கட்ட வசதியுள்ளவரின் கொல்லை தப்பிக்கும்.

நடைமுறை இன்று பெரும்பாலும் ஒரேமாதிரி. அண்டை வீட்டார் புகார் செய்வார். ஆய்வாளர் தெருவிலிருந்து படமெடுப்பார். நோட்டீஸ் கதவில் ஒட்டப்படும் அல்லது தபாலில் வரும். தரப்பட்ட கெடுவுக்குள் அகற்றாவிட்டால் விசாரணை, அபராதம், பிறகு நகரமே அனுப்பும் லாரி. அந்தக் கூலி கட்டப்படாமல் நின்றால் சொத்தின்மீது வில்லங்கமாக ஏறும். முற்றினால் வீடே ஏலத்துக்குப் போகலாம். பதிவு காலாவதியான கார், காற்றிறங்கிய டயர் போன்றவை பல ஊர்களில் குற்றத்துக்குப் போதுமான அடையாளம். கொலராடோவின் போல்டர் நகரம், மாணவர்கள் சோபாக்களைத் தெருவில் எரித்துக் கலகம் செய்ததால், பல்கலைக்கழகத்தை ஒட்டிய குன்றுப் பகுதியில் 2002இல் திண்ணை மெத்தை இருக்கைகளையே தடைசெய்தது.

புகாரை நம்பி இயங்கும் ஏற்பாட்டில் பகைக்கும் இடமுண்டு, வருமானத்துக்கும் இடமுண்டு. மிசௌரியின் பேஜ்டேல் என்ற சிற்றூர், பொருந்தாத ஜன்னல் திரைக்கும் உரிந்த சுண்ணாம்புக்கும் அபராதச் சீட்டு எழுதியது. குடியிருப்போர் 2015இல் வழக்குத் தொடுத்து, 2018இல் ஊராட்சியைக் கட்டுப்படுத்தும் உடன்பாடு பெற்றனர். வீட்டைப் பூச முடியாதவரிடம் பூசாததற்குப் பணம் வாங்கினால் பூச்சு இன்னும் தள்ளித்தான் போகும்.

டிட்ராய்ட் நகரில் எது குப்பை, எது கலை என்ற வேறு மாதிரிச் சிக்கல் எழுந்தது. கலைஞர் டைரீ கய்ட்டன் 1986இல் ஹைடல்பெர்க் தெருவின் பாழடைந்த வீடுகளையும் மரங்களையும் தூக்கியெறிந்த பொம்மை, காலணி, தொலைபேசி, வண்ணப் புள்ளிகளால் அலங்கரித்தார். உலகெங்கிலுமிருந்து பார்வையாளர் வந்தனர். நகராட்சி 1991லும் 1999லும் இயந்திரங்களைக் கொண்டுவந்து அதன் பகுதிகளை இடித்தது.

பிலடெல்பியாவில் அபராதத்துக்கு மாற்றான முயற்சி ஒன்று அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. குப்பை மண்டிய காலி மனைகளை பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம் சுத்தம் செய்து, புல்லும் மரமும் வைத்து, ஆட்கள் உள்ளே போய்வர வழிவிட்டுத் தாழ்வான மர வேலி போடுகிறது. 541 மனைகளைச் சீட்டுக் குலுக்கலைப் போல் பிரித்து ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது.