சீமைக் கத்திரியும் பரங்கிப் பழமும்: அத்திபெலே வீட்டுத் தோட்டம் சொல்லும் வரலாறு

வரலாறு என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது கல்வெட்டு, செப்பேடு, கோட்டை கொத்தளம். வீட்டுக் கொல்லையில் காய்க்கும் கத்திரிக்கும் வெண்டைக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதிலும் இரண்டு மாநிலங்கள் சந்திக்கும் இடத்தில் இருக்கிற கொல்லை என்றால், அந்த வரலாறு இரண்டு மொழியிலும் பேசும்.

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், கர்நாடக எல்லையில் அமைந்த ஊர் அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு நாட்டைப் பங்கு போட்டபோது, ஓசூர்ப் பக்கம் கும்பெனியார் கைக்குப் போய்ச் சேலம் மாவட்டத்தில் சேர்ந்தது. அத்திபெலே மைசூர் மன்னரிடம் நின்றது. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோதும் அத்திபெலே ஒரு பக்கம், ஓசூர் மறுபக்கம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் கோட்டுக்கு இருபுறமும் அதே செம்மண், ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்து அதே மேட்டுநிலம், ஏப்ரலில் இடியோடு வருகிற அதே மாம்பழ மழை.

எங்கள் வீட்டுப் பின்புறம் இருபதுக்குப் பதினைந்து அடி நிலம். மார்ச் முதல் வாரம் வெண்டை விதை ஊன்றினோம். கத்திரி, தக்காளி நாற்று நட்டோம். பாகலுக்குச் சின்னதாய் ஒரு பந்தல். ஓரத்தில் மல்லிகை, கனகாம்பரம், துலுக்கச் சாமந்தி. ஏப்ரல் நடுவில் வெண்டை காய்க்கத் தொடங்கிவிட்டது. தக்காளிதான் பூத்த பூவை எல்லாம் உதிர்த்தது. பகல் வெயில் 35 டிகிரியை நெருங்கி, இரவும் புழுங்கினால் தக்காளிப் பூ பிடிக்காது. காய்ந்த இலையை வேரடியில் மூடாக்குப் போட்டுப் பொறுத்திருந்தோம். இரண்டு மழை பெய்து இரவு குளிர்ந்ததும் பிஞ்சு பிடித்தது. மல்லிகைக்கோ வெயில்தான் கொண்டாட்டம்.

பள்ளியில் கன்னடம் படிக்கும் என் பேத்தி ஒருநாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "தாத்தா, இதுல எது நம்ம ஊருச் செடி, எது இந்த ஊருச் செடி?" பிறமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒரு உருவத்தில் எழும் கேள்வி இது. அதற்கு விடை செடிகளின் பெயர்களிலேயே இருக்கிறது.

முதலில் ஒலியைப் பாருங்கள். நம்முடைய பாகல் கன்னடத்தில் ஹாகல, பீர்க்கு ஹீரே, பூ ஹூவு. சொல்லின் முதலில் வரும் பகரம் ஹகரமாவது சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கன்னடத்தில் தொடங்கிய மாற்றம். அதுபோலவே வகரம் பகரமாகும்: வெண்டை பெண்டே, வாழை பாளே. கத்திரிக்காயை அவர்கள் பதனேகாயி என்பது நமக்கு அந்நியமாகத் தோன்றும். ஆனால் பழந்தமிழில் கத்திரிக்கு வழுதுணை என்று பெயர் உண்டு. பதனே அந்தச் சொல்லின் உடன்பிறப்பு என்று மொழிநூலார் காட்டுகிறார்கள். நாம் மறந்த சொல்லை அவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

அடுத்து, கடல் கடந்து வந்தவை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, துலுக்கச் சாமந்தி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பிறவிகள். 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகுதான் மிளகாய் நம் நாட்டுக்கு வந்தது. காரமான அந்தப் புதுக் காய்க்கு நாம் மிளகை வைத்து 'மிளகாய்' என்றோம். கன்னடரும் மெணசு என்ற மிளகை வைத்து 'மெணசினகாயி' என்றார்கள். வந்த விருந்தாளிக்கு இரு வீட்டாரும் ஒரே முறையில் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

போர்ச்சுக்கீசியரைப் பரங்கியர் என்றோம் அல்லவா? அந்தப் பெயர் தமிழில் பூசணிக்குப் போய்ப் பரங்கிக்காய் ஆனது. கன்னடத்தில் பப்பாளிக்குப் போய்ப் 'பரங்கி ஹண்ணு' ஆனது. இங்கே விதைக் கடையில் பரங்கி விதை கேட்டால் பப்பாளி விதை கைக்கு வரலாம்! சௌசௌ கதை இன்னும் வேடிக்கை. மெக்சிகோப் பக்கத்துக் கொடியான அது கன்னடருக்குச் 'சீமே பதனேகாயி', அதாவது சீமைக் கத்திரி. தமிழ்நாட்டிலோ 'பெங்களூர் கத்திரிக்காய்'. அவர்கள் சீமையிலிருந்து வந்தது என்றார்கள். நாம் பெங்களூரிலிருந்து வந்தது என்றோம். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. அயல்நாட்டுச் செடிகள் பல பெங்களூரில் வேர்பிடித்துத்தான் தெற்கே வந்தன.

அந்த வேர்பிடித்த இடங்களில் முதன்மையானது லால்பாக். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம். திப்பு பல நாடுகளிலிருந்து செடி விதைகளை வரவழைத்து வளர்த்தார். 1800இல் கும்பெனியார் அனுப்பிய பிரான்சிஸ் புக்கானன் பெங்களூர்த் தோட்டங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒரு பாத்தி முழுக்க ரோஜா, இன்னொன்று முழுக்க மாதுளை என்று இருந்தனவாம். 1856இல் அது அரசுத் தாவரவியல் தோட்டமாயிற்று. 1874 முதல் 1908 வரை ஜான் கேமரூனும், பிறகு 1932 வரை ஜெர்மானியரான க்ரும்பிகலும் பொறுப்பில் இருந்து அயல்நாட்டுக் காய்களையும் மரங்களையும் பூக்களையும் பரப்பினார்கள்.

பொறுப்பாளர் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. மண்வெட்டி பிடித்த கைகள்? பெங்களூரின் பரம்பரைத் தோட்டக்காரர்கள் திகளர் சமூகத்தார். தோட்ட வேலைக்காக ஹைதர் இவர்களில் பலரைத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வரவழைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர்களில் ஒரு பிரிவினர் வீட்டில் பேசும் மொழியில் தமிழ் கலந்திருப்பதை இன்றும் கேட்கலாம். சித்திரைப் பௌர்ணமியில் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் கரகம் அவர்களுடைய விழா. அந்தத் திரௌபதி வழிபாடு நம் வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களை நினைவூட்டும். மல்லிகை பூத்துக் குலுங்கும் பருவத்தில், தலையில் மல்லிகைச் சரம் மூடிய கரகத்தோடு, நடு இரவில் வரும் அந்த ஊர்வலம் வழியில் மஸ்தான் சாகிபு தர்காவுக்கும் சென்று மரியாதை செய்கிறது. இன்று அது பெங்களூரின் பெருவிழா. யாரும் அதை வெளியூர் விழா என்பதில்லை.

விடுதலைக்குப் பின் 1967இல் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டு ஹெசரகட்டாவில் வளர்ந்தது. அங்கே உருவான ரகங்களுக்கெல்லாம் முன்பெயர் 'அர்க்கா'. எங்கள் பாத்தியில் நிற்கும் வெண்டை 'அர்க்கா அனாமிகா'. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்பு நோயைத் தாங்கவென்றே உருவாக்கப்பட்டது. 'அர்க்கா' என்பது அர்க்காவதி ஆற்றின் பெயர். அந்த ஆறு காவிரியில் போய்க் கலக்கிறது.

காவிரி என்றதும் மனம் கனக்கிறது. 1991 டிசம்பர் நம்மில் பலருக்கு இன்னும் ஆறாத புண். 2016 செப்டம்பரில் பேருந்துகள் நின்றுபோய், மூட்டையும் குழந்தையுமாக மக்கள் இந்த அத்திபெலே எல்லையை நடந்தே கடந்தார்கள். அந்த நாட்களிலும் காவிரியின் கிளையாற்றுப் பெயர் கொண்ட செடிகள் கோட்டுக்கு இரண்டு பக்கமும் காய்த்துக்கொண்டுதான் இருந்தன. 2024 கோடையில் பெங்களூரில் கிணறுகள் வற்றி, குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் அபராதம் என்று அறிவித்தபோது, வாடிய செடி எந்த மொழிக்காரர் வீட்டுச் செடி என்று பார்க்கவில்லை. அரிசி கழுவிய தண்ணீரையும் பாத்திரம் அலசிய தண்ணீரையும் நாங்கள் அப்போதிலிருந்து பாத்திக்குத்தான் விடுகிறோம். பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாவும் அப்படியே. அவர் கொடுத்த செவந்திகே பதியன் எங்கள் வீட்டில். எங்கள் பாகல் விதை அவர் வீட்டில்.

பேத்திக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "கனகாம்பரம் இந்தத் தென்னாட்டிலேயே பிறந்தது. தக்காளியும் மிளகாயும் கப்பலேறி வந்தது. ஆனா மிளகாய் இல்லாம தமிழ்க் குழம்பும் இல்ல, கன்னட சாறும் இல்ல. வேர் விட்டு, காய்ச்சு, நாலு பேருக்குப் பயன்பட்டா, அதுக்கு இதுதான் ஊரு."

வீட்டுக்கு நான்கு தொட்டியாவது வைத்து, ஒவ்வொரு செடிக்கும் இரண்டு மொழியிலும் பெயர் எழுதிப் பிள்ளைகள் கையால் ஒரு சீட்டுச் செருகச் சொல்லுங்கள். பாகல் என்று ஒரு வரி, ஹாகல என்று அடுத்த வரி. தாய்மொழியைக் காப்பதற்கும் வாழும் மண்ணை மதிப்பதற்கும் அந்தச் சிறு சீட்டு நல்ல தொடக்கமாக இருக்கும்.